உன் அண்ணனுக்கு வைத்த மருதாணி

பாப்பா,

கிள்ளானுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று மாப்பிள்ளைதான் செய்தி அனுப்பினார். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும். மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, வளைகாப்பு நாற்காலியிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், குழாயடியில் நிறுத்தி, கை மருதாணியைத் தேய்த்துக் கழுவிய தாயோடு எந்த மகள் பேசுவாள்? அன்றைக்குக் காரில் ஏறும்போது, "நான் உங்களுக்கு என்னாம்மா பண்ணேன்?" என்று கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். எழுதி அனுப்பினால், கோபம் வரும்போது மூடிவைத்துவிட்டு வேறொரு நாள் மீதியைப் படிப்பாய் என்று ஒரு நினைப்பு.

உன் அண்ணன் சரவணனை நீ பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறாய். காது கேட்காது, பேச்சு கிடையாது, கையும் காலும் அவன் நினைத்த பக்கம் போகாமல் முறுக்கிக்கொள்ளும். நீ கேட்டபோதெல்லாம், "பச்சப் புள்ளையில மஞ்சக்காமால வந்துச்சு" என்று சொல்லி முடித்துவிட்டோம். மீதியை ஊர் சொல்லியிருக்கும். ருக்கு அத்தையின் கை ராசியில்லாத கை, அவள் வைத்த மருதாணியால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று. அதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது உதிர்ந்து போயிருக்கும். பாதி உண்மையாக இருந்ததால்தான் அது நம் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

அப்போது நாங்கள் சிம்பாங் அம்பாட் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் இருந்தோம். உன் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அவருடைய தங்கை ருக்மணிதான் உன் ருக்கு அத்தை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன எனக்கு முதலில் சிநேகமானவள் அவள்தான். எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு மருதாணிச் செடி இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதில் ஒரு இலை மிஞ்சாது. இலையோடு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் தேயிலைத் தண்ணீரும் சேர்த்து மை போல அரைத்துக்கொண்டு ருக்கு உட்கார்ந்தாளானால், பிள்ளைகளெல்லாம் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். நடுக்கையில் ஒரு பெரிய பொட்டு, சுற்றிலும் சின்னப் பொட்டுகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கோலம். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெண்களும் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தச் செடியில்தான் இலை பறித்துப் போவார்கள். அவர்கள் இனாய் என்பார்கள், நாங்கள் மருதாணி என்போம். இரண்டு பக்கத்துப் பெண்களும் மறுநாள் காலையில் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்து, யாருக்கு அதிகமாகச் சிவந்திருக்கிறது என்று சிரிப்பார்கள். நன்றாகச் சிவந்தால் புருஷன் பிரியமாக வைத்துக்கொள்வான் என்று அவர்களும் சொன்னார்கள், நாமும் சொன்னோம்.

சரவணன் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிறந்தான். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஜி-சிக்ஸ்-பிடி குறை இருக்கிறது என்றார்கள். எனக்குப் புரிகிறமாதிரி வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னது இதுதான்: இவன் ரத்தம் சில சாமான்களைத் தாங்காது, உடைந்துபோகும். துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை வைக்காதே, கேட்காமல் மருந்து கொடுக்காதே, நாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்றே உன் அப்பா எல்லாத் துணியையும் வெளியே அள்ளிப் போட்டு, பாச்சை உருண்டைகளைப் பொறுக்கித் தூர எறிந்தார். அந்த வாசனை போகும்வரை துணிகளை அலசி அலசி என் கை வெந்துபோனது. சொன்னதையெல்லாம் செய்தோம். மருதாணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது ஒரு மருந்தென்றோ விஷமென்றோ யாருக்குத் தோன்றும்? அது நல்ல நாளில் வைப்பது.

அவனுக்கு ஒரு மாதம் ஆகும் சமயத்தில் ருக்குவின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை உம்பாய்க்காரர், அங்கே கடல் மீன் கடைகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் லாரியில் வேலை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், பெண்ணுக்கு மருதாணி வைத்தோம். அன்றைக்கு அவளுக்கு வைத்தது நான். எனக்கு அவள் அளவுக்கு வராது, பொட்டெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது, அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்து உதிர்த்த பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருப்பதைப் பார்த்து, "அண்ணி, இதக் கொட்டவா போறீங்க? என் மருமவனுக்கு வச்சு விடுறேன்லா" என்றாள். "வையி. நீ உம்பாய்க்குப் போயிட்டா அவனுக்கு யாரு வைக்கப் போறா" என்றேன் நான். உன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் இரண்டு பாதத்திலும் வைத்து, அவன் வாயில் போட்டுக்கொள்ளக்கூடாதென்று பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தபோது பாதம் இரண்டும் அப்படிச் சிவந்திருந்தன. வந்தவர்களெல்லாம் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார்கள். பாப்பா, அந்த அறையில் இருந்த ஒருவர் மனத்திலும் அன்றைக்குத் துளி கெட்ட எண்ணம் இல்லை. இதைத்தான் நான் இத்தனை வருஷமாக எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் சுமக்கிறேன். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் அவன் பால் குடிக்கவில்லை. கூட்டம், மேளச் சத்தம், அதனால்தான் என்றார்கள். துணியில் மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. மருதாணிச் சாயம் பட்டிருக்கும் என்று ஒரு அக்கா சொன்னாள். நானும் நம்பினேன். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, பெண்ணை அனுப்புகிற நேரம். ருக்கு பட்டுச் சேலையும் மாலையுமாக, போகுமுன் மருமகனை ஒரு தரம் தூக்கவேண்டும் என்று கேட்டாள். பந்தல் துணிக்கு அடியில் நிற்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாதது, அவள் அவனை வெயிலுக்குக் கொண்டுவந்ததும் தெரிந்தது. அவன் கண்ணைப் பார்த்தவள், "அண்ணி, கண்ணு மஞ்சளா இருக்கு. இது மஞ்ச பூசின மஞ்ச இல்ல" என்றாள். அவன் அழுத குரலும் வேறாகிவிட்டிருந்தது. பூனைக்குட்டி கத்துவது போல மெலிந்து வந்தது.

வாசலில் காகிதப் பூக் கட்டின கல்யாணக் கார் நின்றது. உன் அப்பாவின் லாரி ஆலையில் இருந்தது. ருக்கு யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து என்னையும் பிள்ளையையும் உள்ளே தள்ளி, தன் அண்ணனைப் பார்த்து, "ஏறுண்ணே" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு ஏறுற காரு இது. மொதல்ல சீக்குப் புள்ளய ஏத்துறியே" என்றது எனக்குக் கேட்டது. ருக்கு டிரைவரிடம், "போங்க அங்கிள், சீக்கிரம் போங்க" என்றாள். மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை கண்ணாடியில் அந்தக் காகிதப் பூக்கள் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தன. அவளை அன்றைக்கு உம்பாய்க்காரர்கள் வந்த பஸ்ஸிலேயே, சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப்போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி அவனைப் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பாதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது என்ன, இனாயா?" என்று மலாயில் கேட்டாள். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். உடம்பிலிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் அந்த மஞ்சள் அதற்குள் மூளைக்கு ஏறிவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். ஒரு தமிழ் டாக்டர் அம்மா என்னைத் தனியே உட்காரவைத்து, "உங்க மேல தப்பில்லம்மா. வச்சவங்க மேலயும் தப்பில்ல. யாரும் உங்களுக்குச் சொல்லல" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தப்பு யார் மேலும் இல்லையென்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

உள்ளங்கைச் சிவப்பு சீக்கிரம் போய்விட்டது. நகத்தில் ஏறினது போகாது, தெரியுமா உனக்கு? நகம் வளர வளரத்தான் அது நுனிக்குத் தள்ளிக்கொண்டு போகும். அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தச் சின்ன நகங்களில் சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். அது பாதி நகத்துக்குப் போனபோது மற்றப் பிள்ளைகளுக்கு நின்ற கழுத்து இவனுக்கு நிற்கவில்லை. நுனிக்குப் போனபோது நான் அவன் தலைமாட்டில் தட்டைத் தட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை. கடைசிச் சிவப்பை நகவெட்டியால் நான்தான் வெட்டி எடுத்தேன். அன்றைக்கு எல்லாம் போய்விட்டது போலவும், எல்லாம் அப்படியே இருப்பது போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு ருக்கு யாருக்கும் மருதாணி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. "அந்தக் கையா, வேணாம்லா" என்பார்கள். கல்யாணக் காரில் நோய்ப்பிள்ளையை ஏற்றியதால்தான் அவளுக்கு வயிறு திறக்கவில்லை என்று அவள் மாமியார் சாகும்வரை சொன்னார். நாங்கள் மலாக்காவில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு, ஞாயிறு தவறாமல் உம்பாயிலிருந்து பஸ் பிடித்து வருவாள். சரவணனுக்கு எண்ணெய் தேய்த்து, முறுக்கின கையைப் பிடித்துப் பிடித்து நீவி, குளிப்பாட்டி, சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டுப் போவாள். உன் அப்பா அவள் வந்தால் பின்பக்கம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பார்த்தால் தங்கை மேல் கோபம், தங்கையைப் பார்த்தால் பிள்ளை மேல் துக்கம், அந்த மனுஷனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார். நீ பெரியவளானபோது அத்தை முறைக்கு முதல் தண்ணீர் அவள்தான் ஊற்றியிருக்கவேண்டும். வேறொருத்தியை விட்டு ஊற்றினோம். "அத்த ஏம்மா வாசல்லயே நிக்கிறாங்க?" என்று கேட்டாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சாம்" என்றேன். இப்படித்தான், பாப்பா, ஒருத்தியை வேண்டாமென்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே வாசலில் நிறுத்திவைக்க முடியும்.

இப்போது உன் வளைகாப்பு. உன் சிநேகிதி மருதாணிக் கோனை வைத்து வரைவாள் என்று எனக்குத் தெரியாது. பந்திக்கு இலை போட்டார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன், கதவோரமாக ருக்கு வெளுத்துப்போய் நிற்கிறாள். "அண்ணி, ஆம்பளப் புள்ளன்னு சொன்னாங்களே" என்றாள். நான் உன்னிடம் வந்தேன். நீ சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினாய். அந்தப் பெண் உன் உள்ளங்கையில் பூவோ மயிலோ வரையவில்லை. வரப்போகிற பிள்ளைக்காக இரண்டு குட்டிப் பாதங்களை வரைந்திருந்தாள். அழகாகத்தான் வரைந்திருந்தாள், அஞ்சு விரலோடு. "அம்மா, இது ஆர்கானிக் லா, ஒண்ணும் ஆகாது" என்றாய். எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் என் கை அதற்குள் உன் கையைப் பிடித்துவிட்டது. மகளே, நான் உன்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் கல்யாண வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தாமதமாக ஓடினேன். உன் மாமியார் அபசகுனம் என்று எழுந்தார். நீ குழாயடியிலிருந்து திரும்பி, அத்தையைப் பார்த்து, "எல்லாம் உங்களாலதான். எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டாய். அவள் அசட்டுத்தனமாக ஒரு சிரிப்புச் சிரித்து, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நீ வாய்தவறிச் சொன்னதுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மற்றவர்கள் இத்தனை காலம் முதுகுக்குப் பின்னால் சொன்னதை, நம் வீட்டில் முகத்துக்கு நேரே சொன்னது நீ ஒருத்திதான்.

மறுவாரம் நான் கிளினிக்கில் கேட்டேன். தாய் கையில் வைத்த மருதாணியால் வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் வந்திருக்காது, பிறந்த பிறகு அதன் தோலில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார் டாக்டர். ஆக நான் செய்தது வீண். உன் நல்ல நாளை வீணுக்குக் கெடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு நீ என்னிடம் வராமல் மாமியார் வீட்டிலேயே இருக்கப்போவதும் அதனால்தான். இருந்துகொள். அங்கே உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இதை மட்டும் கேள். இந்தக் குறை ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்குமாம், என் ரத்தத்தில் இருந்து அவனுக்குப் போனது. உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். உன்னிலிருந்து உன் மகனுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்தார்களா என்று நீயே வாய் திறந்து கேள். குறை இருந்தால், பிள்ளையைத் தூக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல், வெட்கப்படாதே. பதினாறாம் நாளைக்கு, முப்பதாம் நாளைக்கு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், அன்பாகக் கொண்டுவந்தாலும், அன்பாகக் கொண்டுவந்தால் இன்னும் கவனமாக, இது என்ன என்று கேள். அன்பு பிள்ளையைக் காப்பாற்றாது. விவரம் தெரிந்திருக்கவேண்டும். அதையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால், ஒருவரைப் பிடித்து நிறுத்திக் குற்றம் சுமத்தாதே. சுமத்தினாலும் பிள்ளைக்கு ஒன்றும் திரும்பி வராது. நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை என்றதும், பக்கத்து வீட்டு அக்காவைச் சரவணனோடு உட்காரவைத்துவிட்டு, கிராப் டாக்ஸி பிடித்து உம்பாய்க்குப் போனேன். படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சிறுநீரகம் கெட்டுப்போய் எத்தனையோ மாதமாகிறதாம், நம்மிடம் சொல்லவில்லை. "பாப்பா சின்னப் பொண்ணு, தெரியாமச் சொல்லிட்டா. நீ மனசுல வச்சுக்காத" என்றேன். "அவ சொன்னதுக்கு இல்ல அண்ணி" என்றாள். "பஸ் ஏற முடியல. ஏறி வந்தாலும் அவனத் தூக்க முடியல. போன மாசம் குளிக்கிற எடத்துல அவன வழுக்க விட்டுட்டேன். நீங்க பின்னால இருந்தீங்க, நான் சொல்லல." பிறகு சொன்னாள்: "உங்களுக்கும் இடுப்பு போச்சு. அவன எங்கயாச்சும் நல்ல எடமாப் பாத்து விட்ருங்க அண்ணி. நம்ம ரெண்டு பேருக்கும் முடிஞ்சிருச்சு." உன்னிடமிருந்து மன்னிப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்ல நினைத்துப் போனவள் நான். அவளுக்கு அது தேவைப்படவில்லை. எதுவுமே தேவைப்படுகிற நிலையில் அவள் இல்லை. நீ அவளைப் பார்க்க வரவேண்டும் என்று நான் எழுதவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இப்போது அங்கே வந்து அந்தக் காலைப் பார்க்கவேண்டாம்.

சரவணனுக்கு ஒரு இல்லம் பார்த்துவிட்டேன். மலாக்காவிலேயே, ஊருக்கு வெளியில். சுத்தமாகத்தான் இருக்கிறது. இவனைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் போய்ப் பார்க்கலாமாம். நீ அண்ணனை வைத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை, அதற்காகவா இத்தனை எழுதினாள் என்று நினைத்துவிடாதே. பிறக்கப்போகிறவனைப் பார்த்துக்கொள்ளவே உனக்கு இரண்டு கை போதாது. உன் அப்பா இருந்தால் சம்மதித்திருக்கமாட்டார். அவர் இல்லை.

வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். அவனிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, குளிப்பதற்கு எங்களுக்குள் சைகை இருக்கிறது. இனிமேல் இங்கே திரும்பி வரமாட்டாய் என்பதற்கு ஒரு சைகை நாங்கள் உண்டாக்கி வைக்கவில்லை. காரில் ஏற்றினால் அவனுக்குச் சந்தோஷம் தாங்காது, உனக்குத் தெரியுமே. வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வருவான்.

அம்மா